பிரைட்டன் கதையைப் படித்துவிட்டார்

ஏங்க,

டூட்டி முடிஞ்சு வந்ததும் கதவை உள்ள பூட்டிக்கோங்க. மூணாம் மாடி பிரைட்டன் தட்டினா திறக்காதீங்க. நான் ஆன்லைன்ல எழுதிப் போடுற நாவலை யாரோ அவருக்குக் காட்டிட்டாங்க. அதுல பொண்டாட்டிய அடிக்கிறவன் தான்தான்னு கண்டுக்கிட்டார். காலையில குழாயடியில, "எழுதுற கைய ஒடிச்சிருவேன்"ன்னார். குடத்தைக் கீழ போட்டுட்டேன்.

நேத்து நைட் டூட்டிக்குக் கிளம்பும்போதே, "அவன் காதுக்குப் போனா வம்பு, எல்லாத்தையும் அழிச்சிரு"ன்னீங்க. எப்படிங்க அழிப்பேன்? ரெண்டு வருஷமா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, தண்ணி வர்றதுக்குள்ள தினம் ஒரு பக்கம்னு எழுதினதுங்க. இன்னைக்குத்தான் ஒரு வரிகூட ஓடல.

ரெபேக்கா ஸ்கூல் போயிட்டா. விட்டதும் நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க, பிள்ளை தனியா வர வேண்டாம். மீன்குழம்பு அடுப்பு மேல இருக்கு, சோறு மட்டும் வச்சுக்கோங்க. நான் காட்கோபர் ஆபீஸ் போறேன்.

அன்னமேரி

இன்னொண்ணு: படியில இறங்கும்போது பிரைட்டன் பொண்டாட்டி ஜோஸ்பின் வழி மறிச்சா. கன்னம் வீங்கியிருந்துச்சு. என்னைத் திட்டத்தான் போறான்னு நினைச்சேன். "அக்கா, கதையில அவ வீட்டை விட்டுப் போயிருவாளா?"ன்னு கேட்டா. திரும்ப மேல வந்து, பயத்தோடயே இன்னைக்கு எழுத வேண்டிய பக்கத்தை எழுதிப் போட்டுட்டேன். கதையில அவ வீட்டை விட்டுப் போயிட்டா. பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிட்டா.