கண்ணும் காதும் மட்டும்

பிப்ரவரி 4

சட்டமன்றத்துக்குப் போன பிறகும் என் கோழிக்கிறுக்கலைப் படிக்கிற தம்பிக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரிடம் எனக்கு வயது நாற்பத்தெட்டு. கண் டாக்டரிடம் ஐம்பது. முட்டி டாக்டரிடம் மட்டும் உண்மையான ஐம்பத்துமூன்று. முட்டியிடம் பொய் செல்லாது. நீங்கள் போடப்போகிற சட்டத்தால் எல்லா ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாமே! மூன்று வயதும் ஒரே திரையில் வந்து நின்றால் என் கதி?

பள்ளி வேன் நன்றாக ஓடுகிறது. பின்சீட்டு இரட்டையர்கள் தினமும் ஷூவை ஜன்னல் வழியே எறிகிறார்கள், நான் இறங்கிப் பொறுக்குகிறேன். வருடக் கடைசியில் எனக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கணும். முதலாளி வைத்திருக்கிற டாக்டர் கண், காது பார்த்து முத்திரை குத்துவார். அவருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியுமா? சும்மாதான் கேட்டேன்.

டிவியில் உன்னைப் பார்த்தேன். கொட்டாவி விட்டாய்.

அக்கா

பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

வயதுக்காக இவ்வளவு நீளம் எழுதுகிற ஆளா நீ? 'சும்மாதான்' என்றதுமே புரிந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு நீ மனநல ஆஸ்பத்திரியில் இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்தானே.

மசோதா இப்போது இருக்கிறபடி எந்த டாக்டரும் எதையும் திறக்கலாம். பழைய கோப்புகளையும் ஏற்றப்போகிறார்கள். நானே ஆதரித்துத்தான் பேசினேன். என் தொகுதிக்காரர் ஒருவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. ஒரு ஆஸ்பத்திரிக்கு அது தெரியும், அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஊசி போட்டுவிட்டார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். மறைக்க விட்டால் சட்டமே வீண் என்கிறார்கள் மசோதாக் குழுவில். நான் என்ன செய்யட்டும்?

தம்பி

பி.கு. அது கொட்டாவி இல்லை. பேச வாயெடுத்தேன்.

மார்ச் 2

வாயெடுத்த தம்பிக்கு,

நீ ஊகித்தது அதேதான்டா. நான் மயங்கி விழுந்தால் எல்லாவற்றையும் திறக்கட்டும். பள்ளிக்கூட மார்க்கைக்கூடப் பார்க்கட்டும், மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆனால் கண்ணும் காதும் பார்க்க வந்தவருக்கு, இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் ஏன் அழுதேன் என்று எதற்கு? முதலாளி காதில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். "அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்பார். வண்டிச் சாவியைக் கொடு என்று அர்த்தம். எனக்கு வேறு தொழில் தெரியாது.

என் கதையைச் சபையில் சொல்லிக்கொள். பெயர் வேண்டாம், ஒரு வேனோட்டி என்று சொல். அழகி என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்கா

ஜூலை 20

அழகிக்கு,

நேற்று என் திருத்தத்தோடு சட்டம் நிறைவேறியது! நான் பேசும்போது எதிர்வரிசையில் ஒருவர், "யாருங்க அந்த வேனோட்டி, கற்பனையா?" என்றார். "என் பிள்ளைங்கள அவங்க வண்டியில கண்ணை மூடிட்டு ஏத்திவிடுவேன்" என்றேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் என் திருத்தத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார்.

இனி எதைக் காட்ட டாக்டரிடம் போகிறாயோ அது சம்பந்தப்பட்டது மட்டும்தான் திறக்கும். மற்றதை நீயே பூட்டிவைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் திறப்பார்கள், ஆனால் திறந்தவர் யார் என்று உனக்குத் தகவல் வந்துவிடும். வயதுக்குப் பூட்டு கிடையாது. அதற்குப் பெரும்பான்மை கிடைக்காது.

தம்பி

டிசம்பர் 12

பேச்சாளத் தம்பிக்கு,

நேற்றுத் தகுதிச் சான்றுக்குப் போனேன். டாக்டர் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிமிர்ந்தார்.

"லைசென்ஸ்ல ஐம்பத்திமூணு. கண் ஆஸ்பத்திரியில ஐம்பதுன்னு இருக்கே?"

"என் கண்ணுக்கு வயசு கம்மி, டாக்டர்."

சிரித்துவிட்டார். திரையை என் பக்கம் திருப்பினார். கண், காது, அவ்வளவுதான். முத்திரை விழுந்தது. வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இது வேற அழுகைடா, பயப்படாதே.

இன்று காலை மனசு காற்றாய் இருந்தது. ஹாரன் அடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை, ஷூ பொறுக்க ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காவலாளி வந்து வேன் கதவைத் திறந்தார்.

"பசங்க எங்கக்கா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஒருவரையும் ஏற்றவில்லை.

அக்கா