கடைசி வரிசைக்குக் கேட்டது

இராமநாதபுரம்
16-7-1958

அன்புத் தோழி ஜுனைதாவுக்கு,

நேற்று உன் பள்ளிக்கு வந்தவள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்காமல் போய்விட்டேன் என்று கோபித்திருப்பாய். ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

பயிற்சி வகுப்பு எடுக்க உன்னிடம் அனுப்பிய எங்கள் டிரெயினிங் பள்ளி மாணவி ஹமீதா பானுவை நினைத்தால் மனசு சரியில்லை. பாடத்தை நன்றாகத்தான் தயாரித்திருந்தாள். ஆனால் குரலே இல்லையே, தாயே! மேஜைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்டது. பிள்ளைகளோ ஒவ்வொன்றும் பின்னால் திரும்பித் திரும்பிப் பேசுகிறது. இவள் ஓர் அதட்டல் போடவில்லை. 'குரல் போதாது, வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை' என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதம் இன்னொரு தடவை வருவேன். அப்போதும் இப்படியென்றால் என்னால் தேறவைக்க முடியாது. அதற்குள் நீதான் அவள் தொண்டையைத் திறக்க வேண்டும்.

உன்
வீரலட்சுமி


தங்கச்சிமடம்
19-7-1958

பிரியமுள்ள வீரலட்சுமிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். காப்பிக்குக் கோபமில்லை. அந்த ஒரு வரி எழுதினாயே, அதற்குத்தான் கோபம்.

நீ வாய் திறந்தால் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். நாம் டிரெயினிங் படித்தபோதே குரலுக்கு முதல் மார்க் உனக்குத்தான். எல்லாரும் வீரலட்சுமியாக முடியுமா?

முதல் வாரம் நானும் உன்னைப் போலத்தான் நினைத்து, பிரம்பும் கையுமாகப் பின்வரிசைக்குப் போனேன். போய்க் காதைக் கொடுத்தால், அடியம்மா, அத்தனையும் பாடம்! நீ கரைவலை இழுத்துப் பார்த்ததில்லை. தண்ணீரில் நிற்கிறவர் போடும் சத்தம் காற்றில் கரை ஏறாது. கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பின்னால் சொல்லி அனுப்புவார்கள். சொல் பிசகினால் வலை கோணிப்போகும், மீன் போய்விடும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே இவர்கள்! டீச்சருக்குச் சின்னக் குரல் என்று கண்டதும், யாரும் சொல்லாமலே முன்வரிசை பின்வரிசைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அவளும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, கடைசி வரிசை தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போகிறாள். என்னிடம் போன வருஷம் முழுக்க வாய் திறக்காத சந்தியாகு இப்போது பாடம் சொல்கிறான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதைவிடப் பெருமையாக இருக்கிறது.

கீழக்கரையில் அவள் தெருவிலிருந்து டிரெயினிங்குக்கு வந்த முதல் பெண் அவள். "தேறலைன்னா வீட்டோட இரு, மாப்பிள்ளை பாத்தாச்சு" என்று அவள் வாப்பா கொழும்பிலிருந்து எழுதியிருக்கிறார். உன் ஒரு வரி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

வா. ஆனால் நாற்காலியில் உட்காராதே.

உன்
ஜுனைதா


இராமநாதபுரம்
23-7-1958

ஜுனைதா,

காகிதத்திலும் நீ சண்டைக்காரிதான். சிநேகிதத்துக்காக நான் மார்க் போடுகிறவள் இல்லை, தெரியுமல்லவா? பத்து வாய் மாறிவரும் பாடத்தில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடாதா? அதைப் பார்க்கத்தான் ஆகஸ்ட் 12 செவ்வாய்க்கிழமை வருகிறேன். நீ வகுப்புக்குள் நிற்கக் கூடாது, உன் கண்ஜாடைகூட வேண்டாம். கடைசி வரிசையில் தரையில் உட்காருகிறேன். அது மட்டும் உனக்காக.

வீரலட்சுமி


இராமநாதபுரம்
13-8-1958

என் அருமை ஜுனைதாவுக்கு,

நேற்று வாசலில் காத்து நின்ற உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

கச்சான் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஹமீதாவின் வாய் அசைவது தெரிந்ததே தவிர, ஓர் எழுத்துக் கேட்கவில்லை. போச்சு என்று பேனாவைத் திறந்தேன். எனக்கு முன்னால் இருந்த சந்தியாகு திரும்பினான். "கடத்தண்ணி ஆவியாப் போகயில உப்பக் கீழயே விட்டுட்டுப் போகுது. அதான் மழைத்தண்ணி கரிக்கல" என்றான். சொல்லிவிட்டு, விளங்கியதா என்று என் முகத்தைப் பார்த்தான். அவள் எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பு என் மடியில்தான் இருந்தது. ஒரு சொல் உதிரவில்லையடி! "அப்ப ஊரணித் தண்ணியும் மேல போகுமா?" என்று என் பக்கத்துப் பிள்ளை கேட்டது. கேள்வி அதே வழியில் முன்னால் போய், பதில் திரும்பி வந்தது.

அவள் தேறிவிட்டாள். இந்த வருஷத்துப் பிள்ளைகளில் முதல் மார்க் அவளுக்குத்தான். அவள் வாப்பாவுக்கும் கொழும்புக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன்: உங்கள் மகளைப் பெற்றதற்கு நீங்களும், பயிற்றுவித்ததற்கு நாங்களும் பெருமைப்படலாம் என்று.

ஆனால் உனக்கு எழுத வந்தது வேறு. பாடம் முடிந்ததும் ஹமீதா முன்வரிசையிடம் என்னவோ சொன்னாள். அது வரிசை வரிசையாக வந்தது. சந்தியாகு திரும்பினான்.

"டீச்சர் கேக்குறாக. கடைசியில இருக்கவுகளுக்குக் கேட்டுச்சா?"

பிள்ளைகளைக் கேட்டாளோ என்னைக் கேட்டாளோ தெரியாது. பாம்பன் பாலம் தாண்டிக் கேட்கும் என்றாயே, அந்தக் குரல்காரி அவன் காதில் மெதுவாகத்தான் சொன்னேன்:

"நல்லாக் கேட்டுச்சுன்னு சொல்லுப்பா."

அது முன்னால் போய்ச் சேரும்வரை அவள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன்
வீரலட்சுமி