செவலைக்கு வைத்த மொய்

நங்கை,

இன்று காலை எருமைக் கன்றை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். தரையில் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். கன்றுக்கு வெறும் கழிச்சல்தான். எனக்குத்தான் செவலையின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மேட்டூரில் அணை வேலை முடிந்து கூலி ஜனம் கலைந்தபோது, அவர்கள் வளர்த்த நாய்கள் காலிக் குடிசைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. எனக்கு அண்ணியாய் வந்த நீங்கள், அங்கே பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வண்டியில் மூன்று நாய்களை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். "பொறந்த ஊட்டுச் சீரு கொண்டாந்திருக்கறா பாரு" என்று என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் சிரித்தீர்கள். அதில் ஒன்றுதான் செவலை. புதுச்சத்திரம் ரோட்டில் பஸ் ஏறி அதன் பின்னங்கால் நசுங்கிப்போனது.

சேலத்து மாட்டாஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காலை எடுத்தால்தான் பிழைக்கும். மயக்க மருந்தும் ஊசியும் வெளியே வாங்க வேண்டும், முப்பது ரூபாய் ஆகும். வியாழக்கிழமை தாண்டினால் கொண்டுவரவே வேண்டாம். அன்று திங்கள். "முப்பது ரூவாய்க்குக் கறவ மாடே வாங்கலாம்" என்று அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் பதினாறு வருஷமாக நீங்கள் மொய் வைத்து வந்தீர்கள். வாங்கியவர்கள் நம் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாத முறையா? ஆனால் பிள்ளை இல்லாத வீட்டில் விசேஷம் ஏது? அன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "அம்மிணி, புதங்கெழம மத்தியானம் சோறாக்கறேன். செவலைக்கு மொய் வெக்கோணும்னு ஊடூடாப் போயிச் சொல்லிப்போட்டு வா."

முதல் வீட்டிலேயே எனக்கு நாக்கு எழவில்லை. நாய்க்கு என்றால் எவன் வருவான்? "எங்க நங்கை ஊட்டுல விசேசமுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஊர் மணியகாரரின் மனைவி என் கையைப் பிடித்து, "ஏனம்மிணி, கொளந்த கிளந்த தத்தெடுக்கறாங்களா?" என்று கேட்டார். "வந்து பாருங்க" என்று சிரித்து வைத்தேன். பாவி நான்! பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. உங்களிடம் நேரே கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

புதன்கிழமை பந்தி நிறைந்துவிட்டது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன், பாதி இலையில் கொட்டியது. மணியகாரர் மனைவி மடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளி அரைஞாணை எடுத்தார். "கொளந்தயக் கொண்டாங்க, நாங் கட்டியுடறேன்."

நீங்கள் சோற்றுக் கூடையோடு நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

"கொளந்த இல்லீங்க" என்றீர்கள். "நாயிங்க. பஸ்ஸு ஏறின நாயி."

மணியகாரர் இலையை விட்டு எழுந்தார். சோறு போட்ட வீட்டை அதற்குமேல் அவமானப்படுத்த முடியாது. அவரைப் பார்த்து நாலைந்து பேர் எழுந்தார்கள். "நாயிக்கு மொய் வெச்சம்னா பக்கத்தூருக்காரன் சிரிக்க மாட்டானா?" என்றார் மணியகாரர்.

"சிரிக்கட்டுமுங்க மாமா. பதனாறு வருசமா உங்க ஊட்டுக் கொளந்தைகளுக்கெல்லாம் வெச்சனுங்க. எம்பட ஊட்டுல வெக்கறதுக்கு ஒரு கொளந்த இல்ல. இந்த நாயி உசுரு நாளைக்கு வரைக்குந்தானுங்க. என்னுத இப்பக் குடுத்துப்போட்டுப் போங்க."

நீங்கள் கூடையை இறக்கிவிட்டு, மொய்த் தாம்பாளத்தை நடுவில் வைத்தீர்கள்.

அவர் வாசல்வரை போனார். அங்கே நின்றார், திரும்பி வந்தார், தாம்பாளத்தில் மூன்று ரூபாயை வைத்தார். "வாங்குனது வாங்குனதுதான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். அவரே வைத்த பிறகு வைக்காமல் போக யாருக்குத் தைரியம்? சிலர் சாப்பிட்டு வைத்தார்கள். சிலர் முறைத்துக்கொண்டே வைத்தார்கள். மணியகாரர் மனைவி அரைஞாணை மறுபடி மடியில் செருகிக்கொண்டு அழுதார்.

முப்பது ரூபாய் தேறியது, செவலை பிழைத்தது. மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஏழு வருஷம் இருந்தது. போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து விடாமல் குரைத்தது, கொழுப்பெடுத்த நாய்.

செவலையோடு சேலத்திலிருந்து வண்டியில் திரும்பும்போது நீங்கள் திட்டப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். "தலைய நல்லாப் புடி அம்மிணி" என்றதோடு சரி. கடைசிவரை நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், நான் பார்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். "கொளந்தயக் கொண்டாங்க" என்று மணியகாரர் மனைவி கேட்டதும், என்னைப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் சட்டென்று திரும்பி உள்ளறையைப் பார்த்தீர்கள். எடுத்துவரப் போகிறவர் மாதிரி ஒரு அடிகூட எடுத்து வைத்தீர்கள். ஒரு நாயைக் காப்பாற்ற, நான் உங்களை அந்த ஒரு அடி எடுத்துவைக்க விட்டுவிட்டேன், நங்கை.