புள்ளியில்லாத வெற்றிலை

பிப். 4, புதன்
காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். தைக்கக் கொடுத்த சுடிதார் வாங்க வேண்டும் (மூன்றாவது முறை எழுதுகிறேன்).

கட்டுரை கிட்டத்தட்ட முடிந்தது. அப்பாவின் சோழவந்தான் கொடிக்கால் வெற்றிலைச் சாற்றில் செய்த ஜிங்க் ஆக்சைடு நானோ பொடி. கிருமி வளர்த்த தட்டில் வைத்தால் சுற்றிலும் 19 மி.மீ. வட்டத்துக்குக் கிருமியே இல்லை. இது அச்சானால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஆறாவது வருஷம்.

கைடு மேடம்: "வெறும் இலைச்சாறு வச்ச தட்டு பழசா இருக்கு. புதுசா ஒண்ணு போடு. வெள்ளிக்கிழமை அனுப்பிருவோம்."

கொல்வது பொடிதான், சாறு இல்லை என்று காட்டும் தட்டு அது. பழையது கடை வெற்றிலையில் போட்டது. கிருமி சாகவில்லை. இப்போதும் அப்படித்தான் வரும். மாலையில் அப்பாவின் வெற்றிலையில் போட்டேன்.

பிப். 5, வியாழன்
வெறும் சாறு. பொடியே இல்லை. 17 மி.மீ.!
தட்டு மாறிவிட்டதோ என்று மூடியைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அப்பாவுக்குப் போன்.

"இலைக்கு ஏதாச்சும் அடிச்சீங்களாப்பா?"

"மழைக்குக் கொடி அழுகிருச்சுத்தா. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி அடிச்சேன். நீதான புள்ளியில்லாத இலையா வேணும்ன? நல்லா அடிச்ச பாத்தியில உனக்குன்னே கிள்ளுனது."

மயில்துத்தம் என்றால் செம்பு. செம்பு கிருமியைக் கொல்லும். என் பொடி என்ன செய்தது, யாருக்குத் தெரியும்? வெள்ளையாக வர வேண்டிய பொடி சாம்பல் பூத்தபோதே யோசித்திருக்க வேண்டும். உலையைத் திட்டிவிட்டுப் போய்விட்டேன். மக்கு.

"ஏந்தா, தப்பாப் போச்சா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப். 6, வெள்ளி
அனுப்பும் நாள். கட்டுரையில் பழைய தட்டின் படமே இருக்கட்டும், வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வில்லாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் இதே நினைப்பு. பக்கத்து சீட்டு அக்கா யாரிடமோ போனில்: "நீ சொன்னேன்னு நம்பித்தானடா வாரேன்."

மேடத்திடம் புதுத் தட்டைக் காட்டிவிட்டேன். ஸ்கேலை எடுத்து அவரே அளந்தார். "அனுப்ப வேணாம். மருந்து அடிக்காத இலை கிடைக்குமா?" திட்டியிருக்கலாம். அழுது முடித்திருப்பேன்.

அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்: "ஒரு பாத்திய அடிக்காம விடுறேன். புதுத் துளிர் வரட்டும்."

மார்ச் 17, செவ்வாய்
புழுக்கம். சுடிதார் வந்தது, இறுக்கம்.
போன வாரம் வந்த இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. அந்தப் பாத்தியில் பாதிக் கொடி அழுகிப்போனதாம். அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா மூச்சுவிடவில்லை. மனசு கேட்கவில்லை.

இன்று தட்டு திறந்தேன். வெறும் சாறு: வட்டமே இல்லை. பொடி, பளிச்சென்று வெள்ளை: 11, 10, 11 மி.மீ.

அப்பாவே கூப்பிட்டார்.
"எம்புட்டு வந்துச்சு?"
"பதினொண்ணுப்பா."
"மொத பத்தொம்பதுன்ன?"
"அது துத்தமும் சேந்துப்பா."
"அப்ப இது?"
"நம்ம வெத்தலையில செஞ்ச பொடி மட்டும்."
அந்தப் பக்கம் யாரிடமோ உரக்க:
"மாப்ள, பதினொண்ணாம்டா!"