மேல் லயத்துச் சரிவை அளந்தவ

என் பாசமுள்ள மக கிருஷாந்திக்கு, நோர்வூட்டுல இருந்து அம்மா எழுதுறது. இங்க நான், அப்பா, தங்கச்சி சர்மிளா மூணு பேரும் ஒடம்புக்கு ஒண்ணும் கொறையில்லாம இருக்கோம், நீயும் அந்த ஜப்பான் குளிருல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு மாரியாத்தாவ கும்பிட்டுக்கிறேன். போன்ல பேசினா நான் அழுவேன், நீயும் அழுவ, சொல்ல வந்தது நின்னுபோகும், அதான் எழுதுறேன்.

மேல் லயத்துப் பேச்சியம்மா செத்த சேதி ஒனக்குத் தெரியும். காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு எறங்கிக்கிட்டு இருந்தவ, இடுப்புல கட்டுற படங்கை மறந்துட்டேன்னு லயத்துல அவ இருந்த காம்பராவுக்குத் திரும்பிப் போனா, அப்பதான் மண்ணு சரிஞ்சது. ஆபத்துன்னு நீ எழுதிக் குடுத்து, மண்ணு நகருதான்னு பாக்கக் குழாய் எறக்கின அதே எடம். ஒன்னைய வேலையில இருந்து எடுத்ததுக்கப்புறம் அந்தக் குழாயை ஒருத்தரும் வந்து பாக்கலை, மானாப்புல்லு மூடிப்போச்சு. ஒங்க ஆராய்ச்சி ஆபீசு பெரியவரு சொன்னதா நீ அழுதுக்கிட்டே சொன்னது இன்னும் என் காதுல கெடக்கு. மலைச்சரிவு வேலை பொம்பளைக்கு ஆகாது, நாளைக்குக் கல்யாணம் கட்டினா புள்ளத்தாச்சியா எப்படி ஏறுவன்னு கேட்டாராம். ஒன்னைய வயித்துல சொமந்துக்கிட்டு அதே சரிவுலதானடி நான் கொழுந்து பறிச்சேன். தலையில கூடையை மாட்டிக்கிட்டு நாங்க ஏறலாம், கையில மெஷினை எடுத்துக்கிட்டு நீ ஏறக்கூடாதாம்.

போன ஞாயித்துக்கெழமை அந்த ஆபீசு ஆளுங்க கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. ஒனக்குக் கீழ வேலை பழகின வினோஜன்தான் இப்ப இந்தச் சரிவு வேலைக்குப் பொறுப்பு. செவத்துல படம் காட்டி, இந்தச் சரிவை நாங்க முன்னாடியே ஆராய்ச்சி பண்ணிட்டோம்னு சொன்னான். படத்துல நீ நட்ட குழாய் இருக்கு, ஒம் பேரு இல்லை. என்னால ஒக்காந்திருக்க முடியலை. எந்திரிச்சு, தம்பி அது எம் மக செஞ்ச வேலை, அவளை நீக்கினப்புறம் ஏன் அளவு எடுக்கலைன்னு கேட்டேன். பெரியவரு சிரிச்சுக்கிட்டே, அம்மா இது டெக்னிக்கல் விஷயம், ஒக்காருங்கன்னாரு. ஆம்பளைங்க பக்கமும் சிரிப்பு. ஒங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. பேச்சியம்மா மக நாகலெட்சுமி மட்டும் எந்திரிச்சு, அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார், செத்தது எங்கம்மான்னா. ஒடனே டீயும் பிஸ்கட்டும் குடுத்துக் கூட்டத்தை முடிச்சுட்டாங்க.

அப்புறம் வினோஜன் நம்ம லயத்துக்கு வந்தான். அக்காவை வரச் சொல்லுங்க, என் பிரிவுல ஒரு தற்காலிக எடம் இருக்கு, நான் பாத்துக்கிறேன்னான். என் மூஞ்சைப் பாத்துச் சொல்லலை. அப்பாவுக்கு ஒரே சந்தோசம், கெடைச்சதை விட வேணாம்னு சொல்லு, பக்கத்துல இருந்தா ஒரு மாப்பிள்ளையும் பாக்கலாம்கிறாரு. நான் ஒத்துக்கலை. ஒன்னைய பாக்கணும்னு நெஞ்சு கெடந்து துடிக்குது, ஆனா நீ வேலை பழக்கிவிட்டவன்கிட்டயே லீவு கேட்டு நிக்கிறதுக்கு நீ வர வேணாம்.

இன்னொண்ணு இருக்கு. நாகலெட்சுமி ஹட்டன்ல வக்கீலைப் பாத்துட்டு வந்துட்டா. அந்த எடம் ஆபத்துன்னு முன்னாடியே சொன்னவ அக்காதான், கோர்ட்டுல வந்து சொல்லுவாங்களான்னு கேட்டா. சொல்லிட்டா இந்த நாட்டுல ஒனக்கு ஆராய்ச்சி வேலை எவனும் தரமாட்டான், அது எனக்கும் தெரியும். சொல்லாம இருந்தப்ப மட்டும் எவன் தந்தான்? அதுக்கு வா மகளே. அப்பாவ நான் பாத்துக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்புடு, பச்சைத் தண்ணியில தலை குளிக்காத. எந்த சபையிலயும் ஒங் கொரல் தாழாம இருக்க ஆத்தா கூட நிக்கட்டும். நாகலெட்சுமிக்கு என்ன சொல்லட்டும்னு மட்டும் சீக்கிரம் எழுது, அவ தெனம் வாசல்ல வந்து நிக்கிறா.

இப்படிக்கு,
ஒன்னைப் பெத்த அம்மா,
செ. வீரம்மா