நாற்பத்தொரு மஞ்சள் டி-ஷர்ட்

ஜனவரி 8, வியாழன்
நாளை ஐந்தாம் வகுப்போடு சனிவார்வாடா கோட்டைக்குச் சுற்றுலா. நாற்பத்தொரு பேர். கூட்டத்தில் கண்ணில் படட்டுமே என்று எல்லோரையும் மஞ்சள் டி-ஷர்ட்டில் வரச் சொல்லியிருக்கிறேன். என் யோசனைதான்.

ஜனவரி 9, வெள்ளி
கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம்.
பஸ்ஸில் தலைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. கிளம்பிவிட்டோம். பள்ளி இருக்கும் கட்கியில் இறங்கும்போது பார்க்கிறேன், ஜன்னலோரம் தூங்கி வழிந்த ஒரு பெண் எங்கள் பள்ளியே இல்லை. கோட்டைக்கு வேறொரு பள்ளியும் மஞ்சளில் வந்திருந்தது. அப்படியானால் என் பிள்ளை ஒருத்தி—
சோனியா. எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து லைன் பானு அக்காவின் மகள்.
அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஓடினேன். அவளை, அங்கே தேடிக்கொண்டிருந்த அவள் டீச்சரிடம் ஒப்படைத்தேன். கோட்டை வாசலில் காவலாளி பக்கத்தில் நின்றிருந்தாள் சோனியா. அழவில்லை. “டீச்சர், பஸ் போச்சு. நான் கத்துனேன். யாருமே திரும்பல.” அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 11
பானு அக்கா எதிரே வந்தாள். முகம் கொடுக்காமல் போய்விட்டாள்.

ஜனவரி 20
எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். மாடிப்படி, குக்கர் விசில், கொடியில் காயும் துணி. முகத்தைப் பார்க்காமல் தலையை எண்ணியவள் என்ன டீச்சர்? அடுத்த மாதம் ஆகா கான் மாளிகைக்கும் நானே கூட்டிப்போக வேண்டுமாம். தலைமையாசிரியையிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

பிப்ரவரி 3
பெற்றோரிடமிருந்து நாற்பது அனுமதிச் சீட்டுகள் வந்துவிட்டன. சோனியாவுடையது மட்டும் வரவில்லை. பானு அக்கா வீட்டுக்குப் போனேன்.
“நீ வேணும்னு பண்ணலன்னு தெரியும், வேதா. ஆனா எந்த தைரியத்துல அனுப்பறது, நீயே சொல்லு.”
டீ கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி
காலையில் பஸ் கிளம்பும் நேரத்துக்கு பானு அக்காவே சோனியாவைக் கொண்டுவந்து விட்டாள். கையெழுத்துப் போட்ட சீட்டை என்னிடம் நீட்டி, “போயே தீருவேன்னு நிக்கறா” என்றாள்.
இந்தமுறை ஆளுக்கொரு நிறம். திரும்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். அப்படியும் மனசு ஆறவில்லை. மாளிகை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருதரம் பார்க்க இறங்கினேன். பின்னால் பஸ் நகர்ந்துவிட்டது.
“ருக்கோ, பையா, ருக்கோ. டீச்சர் ஏறல.”
டிரைவரை நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்தியது சோனியாவின் குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நின்றது.
ஓடிப்போய் ஏறினேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கட்கி வரும்வரை எதையும் எண்ணவில்லை.