வாரேன் என்று சொல்லாமல் ஏறிய கப்பல்

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். ஆப்பிரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். அங்கே மஞ்சள் காய்ச்சல் உண்டாம். ஊசி போடாமல் இறங்க விடமாட்டார்களாம். நர்ஸ் பெண் ஸ்பிரிட் பஞ்சால் என் இடது கையைத் துடைத்தாள். அங்கிருந்த பழைய தழும்பைத் தொட்டு, "யே நிஷான் கைசா, ஆன்ட்டி?" என்று, அது எப்படி வந்ததென இந்தியில் கேட்டாள். ஸ்பிரிட் வாசனைக்கு அடியிலிருந்து வேப்பிலை மணந்தது. நீங்கள் வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

அறுபதுகளின் தாராவி. உங்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நீங்கள் இருமினால் நான் தண்ணீர் கொண்டுவருவேன். என் வீட்டுக்காரர் பஹ்ரைனில் வேலை கிடைத்துப் போய், என்னையும் கப்பலில் வரச் சொல்லி டிக்கெட் எடுத்திருந்தார். அம்மை குத்தி, ஒரு வாரம் கழித்து அது பிடித்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்து முத்திரை போட்டால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். சின்ன வயதில் எனக்குக் குத்தியதில்லை. அதனால் குத்திக்கொண்ட கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் கண்டது. கையில் ஒரு முத்து எழும்பி நின்றது.

அதைப் பார்த்ததும் நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். அரை மணி நேரத்தில் என் வாசலில் வேப்பிலை தொங்கியது. உங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. என் இயேசு படத்துக்குக்கூட ஒரு கொத்து செருகிவிட்டீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை 'ஏட்டி' என்று அழைத்த வாய் என்னைத் 'தாயே' என்றது. காய்ச்சல் மயக்கத்தில் அது இனிமையாகவே இருந்தது, அக்கா. கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. மஞ்சள் அரைத்த உங்கள் கை எங்கிருந்தோ வந்து என் நெற்றியில் உட்காரும், போகும்.

டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளில்தான் தகராறு. வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள்.

"தலைக்கு மூணு தண்ணி விடாம நடையத் தாண்டக் கூடாது. சொல்லுதேன்லா?"

"அக்கா, இது அம்மை இல்ல. அம்மை வராம இருக்கக் குத்துனது. இன்னைக்குக் காட்டலேன்னா கப்பல் போயிரும்."

"ஊசியில கூப்பிட்டாலும் வந்தது அவதான? வந்தவள மரியாதையா அனுப்பாண்டாமா?"

நான் அழுதேன். அடுத்த கப்பல் எப்போது, அவர் எத்தனை நாள் காத்திருப்பார், ஒன்றும் தெரியாது. உங்கள் கண்ணிலும் நீர் நின்றது. ஊரில் அம்மையில் போன உங்கள் மகளைத்தான் நீங்கள் அந்த வாசலில் மறித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அம்மாளயும் கூட்டிட்டே போவோம்" என்றீர்கள்.

போனோமே! முன்னால் நீங்கள், கையில் வேப்பங்கொத்து, செம்பில் மஞ்சள் தண்ணீர், வழியெல்லாம் தெளித்துக்கொண்டு. பின்னால் முக்காடிட்டு நான். மாதுங்கா பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவே கிட்டே வரவில்லை. டாக்டர், என் கையில் அப்பியிருந்த மஞ்சளைத் துடைக்கச் சொல்லித் திட்டினார். பிறகு குனிந்து பார்த்து, நன்றாகப் பிடித்திருக்கிறது என்று முத்திரை குத்தினார்.

நீங்கள் நகரவில்லை. "இனி இவளுக்குப் பெரிசா வரவே வராதா?"

"வராதும்மா."

"ஊர்லயும் அன்னைக்குக் குத்த வந்தாவ. நான்தான் பிள்ளயப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன்" என்றீர்கள், யாரையும் பார்க்காமல். பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கி உங்கள் கையை நீட்டினீர்கள். "எனக்குங் குத்துங்க."

அடுத்த வாரம் துறைமுகத்தில் என் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். ரவிக்கைக் கைக்குக் கீழே உங்கள் முத்து, மஞ்சள் பூசி மினுங்கியது. உங்களுக்கு ஒரு தண்ணீர்கூட விட்டிருக்கவில்லை. என்னை அனுப்ப நடை தாண்டி வந்திருந்தீர்கள்.

நான் வாயைத் திறந்ததும் என் உதட்டில் விரலை வைத்தீர்கள். "வாரேன்னு சொல்லிராத. அம்மாளும் வாரேன்னு நின்னுருவா." அம்மை இருக்கிற இடத்தில் சொல்லிக்கொள்ளாமல்தானே போக வேண்டும்? தலையைக்கூட ஆட்டாமல் படியேறினேன். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் ஒரு வேப்பங்கொத்து மட்டும் தெரிந்தது.

விடுமுறையில் நான் வருவதற்குள் நீங்கள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் பெண்ணிடம் கடைசியில், "மேரி தீதி கா ஹை" என்றேன், என் அக்காவுடையது என்று. அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் விமானம். எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறேன், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறேன். உங்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, அக்கா.